ஆணியில் தொங்கிய பேட்ஜ்

துவாக்குடி தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்க்கிற யாரிடமாவது கலைமதி என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். அவள் யாரையும் திட்டியவள் இல்லை, யார் வேலையையும் பறித்தவளும் இல்லை. பத்து வருடமாக அவர்கள் போட்ட ஜாயின்ட்களைப் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே கீறல் இருந்தால் கீறல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

பாய்லர் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்த இடம் வெளியே பார்க்க வழவழவென்று இருக்கும். உள்ளே காற்றுக் குமிழ் அடைந்திருக்கிறதா, இரும்பு சரியாகக் கலக்காமல் இடைவெளி விட்டிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுப்பது போலக் குழாய்க்கும் எடுக்கிறார்கள். தடித்த சுவர் கட்டிய ஓர் அறைக்குள் குழாயை வைத்து, அதன்மேல் பிலிமைச் சுற்றி ஒட்டுவார்கள். கதிர்வீச்சு தரும் சின்ன உலோகத் துண்டு ஒன்று, கேமரா என்று அவர்கள் சொல்லும் கனத்த பெட்டிக்குள் இருக்கும். எல்லோரும் வெளியே வந்தபின், தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் அந்தத் துண்டு பெட்டியை விட்டு வெளியே வந்து நிற்கும். சில நிமிடம் கழித்து மறுபடி சுற்றி உள்ளே இழுத்துவிட வேண்டும்.

இந்த வேலை செய்கிறவர்கள் மார்பில் ஒரு பேட்ஜ் மாட்டியிருக்க வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதைச் சத்தமில்லாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஓர் எண் திரும்பி வரும். அந்த எண் அந்த ஆளின் பெயரோடு வாழ்நாள் முழுக்கப் பதிவில் இருக்கும். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் கூடவே வரும்.

கலைமதியின் எண் பத்து வருடமாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பது என்று நாடு ஒரு காலத்தில் முடிவு செய்ததால்தான் அவளுடைய அப்பா மூக்கன் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து திருச்சிக்கு வந்தார். பாய்லர் தொழிற்சாலையில் பாரம் தூக்கி நகர்த்தும் கலாசியாகச் சேர்ந்து, காட்டூரில் இரண்டு அறை வீடு கட்டி, பையனையும் பெண்ணையும் அங்கேயே வளர்த்தார். கலைமதி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளைப் படிக்க வைத்தது அண்ணன் லக்ஷ்மணன். அவருக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்து, டோக்கன் கொடுத்து, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் யார் சாப்பிட்டுவிட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. கல்யாணம் ஆனதும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் மாடியில் குடியேறினார். தங்கை விஷயத்தில் அண்ணன் பாதி, அப்பா பாதி. அந்தப் பாதி எப்போது எதுவாக மாறும் என்று அவளுக்கும் தெரியாது.

படித்து முடித்ததும் வீட்டில் சொல்லாமல், கதிரால் படம் எடுக்கிற இந்தக் கதிர்ப்பட வேலைக்கான சான்றிதழ் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் இருபத்து மூன்று பேர், பெண் அவள் ஒருத்திதான். துவாக்குடியில் ஒரு சோதனைக் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான் அண்ணனிடம் சொன்னாள். லக்ஷ்மணன் இரண்டு வாரம் பேசவில்லை.

முருகானந்தம் அவளுக்கு அறிமுகமானது ஒரு கீறலால்தான். அவன் நல்ல வெல்டர், அது அவனுக்கே நன்றாகத் தெரியும். ஒருநாள் அவன் போட்ட ஜாயின்ட்டில் அவள் சாக்பீஸால் வட்டம் போட்டு ரிப்பேர் என்று எழுதிவிட்டாள். அவன் நேராகப் படம் பார்க்கிற அறைக்கு வந்து, கண்ணாடி போட்டுப் பாருங்க மேடம் என்றான். அவள் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி அவனையே பார்க்கச் சொன்னாள். தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, இது என் கைதான், அன்னைக்கு பல்வலி என்று சொல்லிவிட்டுப் போய், அந்த ஜாயின்ட்டை அறுத்து மறுபடி போட்டான். ஒப்புக்கொண்ட முதல் வெல்டர் அவன்தான். அடுத்த வருடம் கல்யாணம்.

டெல்லியில் எடுக்கிற முடிவு துவாக்குடிக்கு டிராலியில் வந்து சேரும் என்பாள் கலைமதி. நாட்டுக்கு நிறைய நிலக்கரி மின்சாரம் வேண்டும் என்றால் டிராலி நிறையக் குழாய் வரும். வேண்டாம், இனி சூரியனும் காற்றும் போதும் என்று பேச்சு கிளம்பினால் டிராலி வெறுமனே நிற்கும். மகள் பானு பிறந்த சமயம் அப்படித்தான் நின்றது. தஞ்சாவூர் ரோட்டில் ஷெட் ஷெட்டாகப் பூட்டு தொங்கியது. முருகானந்தத்துக்கு வேலை போனது. சோலார் தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் போட ராஜஸ்தானுக்கு ஆள் எடுத்தார்கள், போனான். ஒன்றரை வருடம் பாலைவனம். தகடுகள் எல்லாம் மாட்டி முடிந்ததும், இனி துடைக்க ஆள் இருந்தால் போதும் என்று ஐந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் திரும்பி வந்து வாசலில் நின்றபோது பானுவுக்கு இரண்டரை வயது. அப்பா வந்திருக்காரு பாரு என்று கலைமதி சொன்னாள். குழந்தை உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்து, அதற்குள் அப்பாவைத் தேடியது.

முருகானந்தம் அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு குளிக்கப் போகிறேன் என்று போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றைக்குக் கலைமதி ஒரு முடிவெடுத்தாள். எந்த ஊராக இருந்தாலும் சரி, எந்த வேலையாக இருந்தாலும் சரி, இனி மூன்று பேரும் ஒரே கூரையின் கீழேதான். யார் தடுத்தாலும் கேட்பதாக இல்லை.

அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் நிலக்கரி ஆர்டர்கள் மறுபடி வந்தன, ஷெட்டுகள் திறந்தன. ஆனால் அவளுக்கு அந்த டிராலியை நம்பத் தோன்றவில்லை. தெற்கே கடற்கரையில் அணுமின் நிலையத்தில் புது உலைகள் கட்டுகிறார்கள், ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு வெல்டரும் வேண்டும், படம் பார்க்கத் தெரிந்தவரும் வேண்டும் என்று தகவல் வந்தபோது இருவரும் விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை, குறைந்தது எட்டு வருடம். நேர்காணல் நன்றாகவே நடந்தது. கலைமதியிடம் மட்டும் இத்தனை வருடக் கதிர்ப் பதிவைக் கேட்டார்கள். அந்தத் தாள் வந்ததும் உத்தரவு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் லக்ஷ்மணன் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். சண்டை போடவில்லை. ஸ்ரீரங்கத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் அடுத்த ஜூனுக்கு ஒன்றாம் வகுப்பில் பானுவுக்கு இடம் பேசி வைத்துவிட்டார். அவர் மனைவி ரெங்கநாயகி குழந்தையை அளவெடுத்து யூனிபார்மும் தைத்துவிட்டாள், மெரூன் நிறப் பாவாடையும் கட்டம் போட்ட சட்டையும். கொஞ்சம் பெருசா தச்சிருக்கேன், ஜூனுக்குள்ள வளந்துரும்ல என்றாள் அண்ணி. அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனாலேயே கலைமதியால் கோபப்பட முடியவில்லை.

லக்ஷ்மணன் மட்டும் தங்கை செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார். "நீயும் மாப்பிள்ளையும் எங்க வேணாலும் போங்கம்மா. அணு உலைக்குப் பக்கத்துல புள்ளைய வளக்க நான் விடமாட்டேன்."

இது நடந்து பத்து நாளில் ஒரு தவறு நடந்தது. கதிர்ப்பட வேலையில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

புரட்டாசி வெயில். சுவர் கட்டிய அந்த அறைக்குள் காற்று கிடையாது. கலைமதி மேல்கோட்டைக் கழற்றி உள்ளே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, குழாயில் பிலிம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பேட்ஜ் கோட்டில் இருந்தது. அப்போது பானுவின் பள்ளியிலிருந்து போன். குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். கூட வேலை பார்க்கும் சேக் மைதீனிடம், பிலிம் ஒட்டியாச்சு, நீ எடுத்துரு தம்பி என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். சேக் மைதீன் அறைக்குள் ஆள் இல்லை என்று பார்த்தான். கோட்டைப் பார்க்கவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் எடுத்த படங்களில் குழாய்களோடு சேர்ந்து கலைமதியின் பேட்ஜும் கதிரில் குளித்தது.

மறுநாள் காலை வந்தவள் ஆணியில் கோட்டைப் பார்த்தாள். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவள் காட்டூரில் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் பேட்ஜுக்கு அது தெரியாது. யார் மாட்டியிருந்தார்கள், ஆணியா ஆளா என்று அது பார்ப்பதில்லை.

கம்பெனியின் கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் ஆசீர் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று மாதக் கெடு முடிய நான்கு நாள்தான் இருந்தது. பேட்ஜை அனுப்பினால் பெரிய எண் வரும், விசாரணை வரும், அவள் மாதக்கணக்கில் அறைக்குள் போக முடியாது, தெற்கே கிடைக்கவிருந்த வேலையும் போகும். எல்லாவற்றையும் அவரே விரல் மடக்கிச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"பேட்ஜ் தொலைஞ்சிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. புதுசு வாங்கித் தாரேன். எண்ணும் வராது, கேள்வியும் வராது."

கலைமதி தாளைப் பார்த்தாள். ஒரே ஒரு வரிதான். அதை எழுதினால் வேலை, எட்டு வருடம், ஒரே கூரை.

"தொலையலையே சார்," என்றாள். "ஆணியிலதான் தொங்குச்சு."

ஆசீர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன் என்றார். தெரியும் சார் என்றாள். தெரிந்தும் அவள் கை அந்தத் தாளைத் தொடவில்லை. இன்றைக்குத் தொலைந்தது என்று எழுதுகிற கை, நாளைக்குக் கீறல் இல்லை என்றும் எழுதும். பத்து வருடமாக எத்தனை வெல்டர்களின் முகத்துக்கு நேரே அவள் வட்டம் போட்டிருக்கிறாள். பல்வலி என்று ஒப்புக்கொண்டு அறுத்துப் போட்டவனைத்தானே கல்யாணமும் செய்துகொண்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுதினாள். கோட்டைக் கழற்றியது என் தவறு என்று முதல் வரியிலேயே எழுதினாள். சேக் மைதீன் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே வந்து, அவள் எழுதியதைப் படித்துவிட்டு, "என் பேரையும் போடுங்கக்கா, சரியாப் பாக்காம சுத்துனது நான்தானே," என்று பேனாவுக்குக் கை நீட்டினான். ஆசீர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பேட்ஜை அவரேதான் பொட்டலம் கட்டி அனுப்பினார்.

எண் வந்தது. நூற்று நாற்பத்தாறு. ஒரு வருடத்துக்கு இருபதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு அது எப்படிப்பட்ட எண் என்று சொல்லத் தேவையில்லை. அவளைக் கதிர் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அலுவலக அறையில் பழைய படங்களை அடுக்கும் வேலை கொடுத்தார்கள். தெற்கேயிருந்து, விவரம் தெளிவாகும்வரை உங்கள் உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. முருகானந்தத்துக்கு மட்டும் உத்தரவு வந்தது. அவன் சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதிப் போட்டான். உத்தரவை மடித்து அரிசி டப்பாவுக்குள் அடியில் வைத்துவிட்டு, அரிசிக்கு வண்டு வராதுல்ல என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

உடம்பில் உண்மையில் கதிர் பட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு ரத்தச் சோதனை உண்டு. ரத்த அணுக்களைப் பெருக்கி, அவற்றுக்குள் இருக்கும் இழைகள் எங்காவது அறுந்து ஒட்டியிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். ரத்தத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எடுக்கிற லேப் தில்லை நகரில் இருந்தது. போகும்போதே அவளுக்குத் தெரியும், அண்ணனின் ஸ்கேன் சென்டர் அடுத்த குறுக்குத் தெருதான்.

பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு படியிறங்கியபோது லக்ஷ்மணன் கீழே நின்றிருந்தார். ஒரு நோயாளியின் ரிப்போர்ட் வாங்க வந்திருந்தார். கலைமதி எதையும் மறைக்கவில்லை. பைக்குகளும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அந்த வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப் போனது.

"நூத்தி நாப்பத்தாறா?"

"பேட்ஜுக்குண்ணே. எனக்கு இல்ல."

"அப்புறம் எதுக்கு ரத்தம் எடுக்கிற?"

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கல்ல, அதுக்குத்தான்."

அவர் அவளை அடுத்த தெருவில் தன் சென்டர் வாசல் ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். இந்த வேலையே வேண்டாம், ஸ்கேன் சென்டரில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள், நாளைக்கே சேரலாம் என்றார். அவள் சென்டரின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே வரிசையாக ஆட்கள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் எத்தனை பேரை அந்த மெஷினுக்குள் அனுப்புகிறீர்கள், அவர்களிடம் பேட்ஜ் இருக்கிறதா என்று கேட்டாள். அது வைத்தியம், அவர்களே கேட்டு வருகிறார்கள், இது வேற என்றார் லக்ஷ்மணன். ஆத்திரத்தில் அவள் அப்போது அதற்கு ஏதோ பதில் சொல்லிவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அவர்களே கேட்டு வருகிறார்கள் என்ற அந்த வார்த்தை அவளைக் குடைந்தது. அதில் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. அது என்ன என்று அப்போது பிடிபடவில்லை.

முடிவு வர மாசி மாதம் ஆகிவிட்டது. நான்கு மாதம் அவள் பழைய படங்களை அடுக்கினாள். தெருவில் ஒருத்தி, கலைமதிக்கு ரேடியேஷன் அடிச்சிருச்சாம் என்று சொல்லி, அவள் கொண்டுபோன கொழுக்கட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் விட்டாள். பானுவின் பள்ளி வேனில் பக்கத்துச் சீட்டுக் குழந்தையை மாற்றி உட்கார வைத்தார்கள். கலைமதி அந்தக் குழந்தையின் அம்மா வீட்டுக்கே போய், கதிர் ஜலதோஷம் மாதிரி ஒட்டாது, சந்தேகம் இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்து சொல்கிறேன் என்றாள். அவர்கள் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் குழந்தை பழைய சீட்டுக்கு வந்துவிட்டது.

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பேட்ஜ் மட்டும் கதிர்பட்டது, ஆள் படவில்லை என்று எழுதி, பதிவில் அந்த எண்ணைத் திருத்தினார்கள். தெற்கேயிருந்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தவறை மறைக்காமல் தெரிவித்தவர் என்பதைக் கவனத்தில் கொண்டோம் என்று. முருகானந்தம் அரிசி டப்பாவிலிருந்து தன் உத்தரவை எடுத்துத் தூசி தட்டினான்.

சேருவதற்கு முன் இருவரும் போய் இடத்தைப் பார்த்து வந்தார்கள். நீண்ட மதில், உள்ளே மரங்கள், வரிசையாகக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. சுற்றிக் காட்ட அழைத்துப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளக் கதிரை அளக்கும் ஒரு சின்ன மீட்டர் கொடுத்தார்கள். வெளியே வரும்போது வாங்கிக்கொண்டார்கள். எண் பூஜ்யம்தான். கலைமதிக்கு எல்லாம் திருப்தியாக இருந்தது.

மதிலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். உள்ளே வேலைக்கு வரப் போகிறவர்கள் என்று தெரிந்ததும் அவள் குரல் மாறவில்லை, கண் மட்டும் மாறியது.

"உள்ள போவயில ஒரு மிசினு குடுப்பாவளாமே. வாரயில வாங்கிக்கிடுவாவளாமே," என்றாள். "உங்களுக்குப் பையில கெடக்கு. எங்களுக்கு எங்க கெடக்கு?"

வெளியேயும் அளக்கும் கருவிகள் வைத்திருப்பதாக உள்ளே சொன்னார்கள் என்றாள் கலைமதி.

"இருக்கட்டும் தாயி. அது என்ன சொல்லுதுன்னு எங்ககிட்ட யாரு வந்து சொல்லுதா?"

பஸ் வந்துவிட்டது. மதுரை தாண்டும்போதுதான், அவர்களே கேட்டு வருகிறார்கள் என்ற அண்ணனின் வார்த்தை பிடிபட்டது. ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்கள் கேட்டு வருகிறார்கள். அவளும் கேட்டுத்தான் வருகிறாள், பேட்ஜோடு, எண்ணோடு, வாழ்நாள் பதிவோடு. அந்த மீன்காரப் பெண் கேட்டு வரவில்லை. அவள் அங்கேயே இருந்தாள். நாட்டுக்கு எந்த மின்சாரம் வேண்டும் என்று எங்கோ முடிவாகிறது. அந்த முடிவு யார் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறதோ அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அப்பா ராமநாதபுரத்தைவிட்டு வந்ததும், முருகானந்தம் பாலைவனம் போனதும்கூட அப்படித்தானே.

திருச்சி வந்ததும் அவள் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். குடியிருப்பில் எங்களுக்கு வீடு வேண்டாம், வெளியே ஊருக்குள் வாடகைக்குப் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். எழுத்தர் நம்பவில்லை. எல்லாரும் உள்ள வீடு கேட்டு சண்டை போடுறாங்க மேடம், நீங்க வெளிய கேக்குறீங்க என்றார்.

"உள்ள நல்லா இருக்குன்னா வெளியவும் நல்லா இருக்கணும் சார். வெளிய சரியில்லன்னா உள்ளயும் இருக்கக் கூடாது," என்றாள் கலைமதி. "எனக்கு வெளிய வீடு போதும்."

முருகானந்தம் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கட்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்யும் வழக்கம் அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தானா என்று கேட்டான். அவள் மன்னிப்புக் கேட்டாள். சண்டை அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் அவன், ஊருக்குள்ள இருந்தா மீனாவது ஃப்ரெஷ்ஷா கிடைக்கும் என்றான். அவன் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

சித்திரை கடைசியில் சொல்லிக்கொள்ள ஸ்ரீரங்கம் போனார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். பாலம் முழுக்க பானு ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது. மணலில் ஆட்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

அண்ணி புளியோதரையும் வடையும் செய்திருந்தாள். சாப்பிடும்வரை யாரும் எதையும் தொடவில்லை. இலையை எடுத்ததும் லக்ஷ்மணன் ஆரம்பித்தார். மதிலுக்குள் வீடு வேண்டாம் என்று சொன்னது அவர் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. மாப்பிள்ளைதான் சொல்லியிருக்க வேண்டும்.

"உள்ள வளக்கிறதே தப்புன்னு சொல்றேன். நீ வெளிய கொண்டுபோய் வைக்கப் போறியா?" என்றார். "ரத்தம் நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். நீ போ. மாப்பிள்ளையும் போகட்டும். புள்ளைய மட்டும் விட்டுட்டுப் போ. யூனிபார்ம்கூட தச்சாச்சு."

பானு பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று, மெரூன் பாவாடையை இடுப்பில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு ஆகாத இடம்னா, அங்க மீன் விக்கிற அம்மாவோட புள்ளைக்கும் ஆகாதுண்ணே," என்றாள் கலைமதி. "அப்படின்னா நான் அந்த வேலைக்கே போகக் கூடாது. என் புள்ளைய ஸ்ரீரங்கத்துல பத்திரமா வச்சிட்டு, அவங்ககிட்டப் போயி பயப்படாதீங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"பந்தயம் கட்டுற மாதிரி பேசுறம்மா. கையில இருக்கிறது குழந்த."

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. இரவில் எத்தனை தடவை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"பயம் இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள். "எனக்கும் பயம்தான். அதனாலதான் வெளிய இருக்கப் போறேன். ஊருக்குள்ள வச்ச மீட்டர் என்ன சொல்லுதுன்னு மாசாமாசம் கேப்பேன். குடுக்கலைன்னா சண்டை போடுவேன். வாங்கி, அந்த பஸ் ஸ்டாப்புல தமிழ்ல எழுதி ஒட்டுவேன். சரியில்லன்னு தெரிஞ்ச அன்னைக்கு முதல்ல கத்துறது நானாத்தான் இருப்பேன். என் புள்ள அங்க இருந்தாத்தான்ணே நான் ஒழுங்காப் பாப்பேன். எம் புத்தி எனக்குத் தெரியும்."

லக்ஷ்மணன் முருகானந்தத்தைப் பார்த்தார். நீங்களாவது சொல்லக் கூடாதா மாப்பிள்ளை என்பது போல. முருகானந்தம், "என் ஜாயின்ட்டையே அறுக்க வச்சவ மச்சான். அந்த நிலையத்துக்காரங்களத்தான் நினைச்சுப் பாக்குறேன், பாவமா இருக்கு," என்றான். ரெங்கநாயகி முதலில் சிரித்தாள். லக்ஷ்மணன் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரெங்கநாயகி எழுந்துபோய்ப் பானுவின் கையிலிருந்து பாவாடையை வாங்கினாள். தையல் பெட்டியைத் திறந்து, மடித்துத் தைத்திருந்த கீழ்விளிம்பைப் பிரித்துவிட்டாள். சட்டைப் பைமேல் தைத்திருந்த, பள்ளியின் பெயர் பொறித்த துணியையும் நூலறுத்து எடுத்தாள். வீட்டுல போட்டுக்கட்டும், இன்னும் ரெண்டு வருஷம் வரும் என்று சொல்லி, மடித்து கலைமதியின் பையில் வைத்தாள். கணவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

புறப்படும்போது லக்ஷ்மணன் மாடியிலேயே நின்றார். கீழே தெருமுனை தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வந்து கலைமதியின் கையிலிருந்த கனத்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை முன்னால் நடந்தார். பஸ் வந்து பானுவைத் தூக்கி ஏற்றியபிறகுதான் வாய் திறந்தார்.

"மாசாமாசம் ஒட்டுவேன்னியே, அந்த எண்ணு," என்றார். "எனக்கும் அனுப்பு. அனுப்பாத மாசம் நானே கிளம்பி வந்து புள்ளையத் தூக்கிட்டு வந்துருவேன்."

"வாங்க," என்றாள் கலைமதி படியில் நின்றபடி. "எண் சரியில்லன்னா நானே உங்களக் கூப்பிடுறேன். சரியா இருந்தா நீங்க வந்து அங்க நாலு நாள் தங்கணும். அண்ணியோட. வெளிய, எங்க வீட்டுல."

பஸ் கிளம்பிவிட்டது. அவர் சரி என்றாரா மாட்டேன் என்றாரா என்று சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை. இருக்கையில் உட்கார்ந்து பானுவை மடியில் இழுத்துக்கொண்டாள்.